தந்தைக்குத் தந்த வாக்கைக் காத்த கால்பந்து கேப்டன் டாக்டர் தாலிமெரன் ஆவ்

சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைமை வகித்த தாலிமெரன் ஆவ், விளையாட்டில் கிடைத்த புகழைவிடத் தந்தையின் இறுதி விருப்பத்தையே பெரிதாகக் கருதி, மருத்துவராகத் தம் மக்களிடம் திரும்பியவர்.

அன்றைய அசாமின் நாகா மலைப்பகுதியில் உள்ள சாங்கி கிராமத்தில் 1918 ஜனவரி 28-ம் தேதி அவர் பிறந்தார். கிறித்தவப் போதகரான தந்தை 1935-ல் காய்ச்சலால் காலமானார். மகன் மருத்துவம் பயின்று நாகா மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். போதிய மருத்துவ வசதி இல்லாத மலைக் கிராமங்களின் துயரத்தை அந்தக் குடும்பமே அனுபவித்திருந்தது.

குவாஹாட்டி காட்டன் கல்லூரியில் படித்தபோது கால்பந்தில் பெயர் பெற்ற ஆவ், 1942-ல் கொல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இன்றைய ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி அதுவே. அடுத்த ஆண்டே மோகன் பகான் அணியில் இடம்பெற்றார். மருத்துவப் படிப்பையும் பந்தாட்டத்தையும் ஒருசேர நடத்திய அவர், பின்னர் அந்த அணியின் கேப்டனாகவும் உயர்ந்தார்.

1948 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்திய மூவர்ணக் கொடியை ஏந்திச் சென்றவர் ஆவ். ஜூலை 31-ம் தேதி இல்ஃபோர்டு மைதானத்தில் இந்தியா பிரான்ஸை எதிர்கொண்டது. இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் அடித்த கோலால் ஆட்டம் சமநிலையை எட்டியது. எனினும், இரண்டு பெனால்டி வாய்ப்புகளைத் தவறவிட்ட இந்தியா, கடைசி நிமிடங்களில் விழுந்த கோலால் 1-2 என்ற கணக்கில் தோற்றது. ஆயினும் அந்த ஆட்டம் ரசிகர்களின் பாராட்டைப் பெற்றது.

1950-ல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்ற ஆவ், கொல்கத்தாவில் தங்கிவிடவில்லை. திப்ரூகர் மருத்துவக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பணியாற்றிய பின், 1953-ல் கோஹிமாவில் உதவி சிவில் சர்ஜனாகப் பொறுப்பேற்றார். 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமானது. அதன் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்த அவர், 1978-ல் ஓய்வு பெற்றார்.

1998 செப்டம்பரில், 80-வது வயதில் டாக்டர் ஆவ் காலமானார். வடகிழக்கு மாநிலங்களின் அணிகள் மோதும் கால்பந்துப் போட்டி அவர் பெயரைத் தாங்கியுள்ளது.