பந்தயத் திடலில் இருந்து போர்முனை வரை: பான்ஜோ பற்றர்சனும் வீடு திரும்பாத குதிரைகளும்

அவுஸ்திரேலியாவில் வாழும் எமது உறவுகளின் கைகளில் அன்றாடம் புழங்கும் பத்து டொலர் தாளில் இரண்டு எழுத்தாளர்களின் படங்கள் இருக்கின்றன. ஒருவர் கவிஞர் மேரி கில்மோர். மற்றையவர் அன்ட்ரூ பார்ட்டன் பற்றர்சன். ‘பான்ஜோ’ என்பது அவர் தனக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர். அது இசைக்கருவியைக் குறித்து வந்ததல்ல. அவருடைய குடும்பம் வைத்திருந்த பந்தயக் குதிரை ஒன்றின் பெயர் அது.

‘வோல்ட்ஸிங் மற்றில்டா’ பாடலை எழுதிய கவிஞராகத்தான் உலகம் அவரை அறியும். ஆனால் அவர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் குதிரைகளோடும் குதிரைக்காரர்களோடும் கழித்தவர். அவருடைய காலத்து நாட்டுப்புறக் குதிரைப்பந்தயத்தையும், அந்தக் குதிரைகளையே போர் விழுங்கியதையும் அறியாமல் அவரைப் புரிந்துகொள்வது கடினம்.

1864 பெப்ரவரி 17 அன்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஒரேஞ்ச் நகருக்கு அருகே அவர் பிறந்தார். சிறுவயதில் முறிந்த வலது கை சரிவரப் பொருந்தாமல் சற்றுக் குட்டையாகவே இருந்துவிட்டது. அந்தக் கையோடுதான் அவர் பின்னாளில் சிறந்த குதிரையோட்டிகளில் ஒருவரானார். யாஸ் நகரை அண்டிய இல்லலோங் பண்ணையில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் போனதும் குதிரையில்தான்.

அவருக்கு எட்டு வயது அளவில் இருக்கும்போது பொகொலோங் என்ற சிற்றூரில் புத்தாண்டு நாள் பந்தயம் நடந்தது. வேலியும் இல்லை, மேடையும் இல்லை. மரங்களுக்கு நடுவே ஓடும் ஒரு பாதைதான் திடல். மலைப்பகுதியில் இருந்து வந்த ஒருவர், சிறுவனின் மட்டக்குதிரையில் இருந்த சேணத்தைக் கழற்றித் தன் குதிரைக்குப் பூட்டினார். அவருடைய சேணத்தைவிட அது எடை குறைந்தது. ‘பார்டன்’ என்ற அந்தக் குதிரை வென்றது. சிறுவனுக்குக் கூலியாக ஒரு போத்தல் இஞ்சிப்பானம் கிடைத்தது. 1888 இல் அவர் எழுதிப் புகழ்பெற்ற ‘ஓல்ட் பார்டன்’ என்ற கதைப்பாடலின் விதை இதுதான்.

சிட்னியில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். ஓய்வு நேரமெல்லாம் போலோ ஆடினார். ரண்ட்விக், ரோஸ்ஹில் திடல்களில் பணம் பெறாத ஜொக்கியாக ஓடினார். 1895 இல் வெளிவந்த அவருடைய முதல் கவிதைத் தொகுதி அவரை ஒரே நாளில் என்று சொல்லத்தக்க வேகத்தில் நாடறிந்தவராக்கியது.

அதே ஆண்டில் குயின்ஸ்லாந்தின் டக்வேர்த் பண்ணையில் ‘மற்றில்டா’ பிறந்தது. அதன் மெட்டும் ஒரு நாட்டுப்புறப் பந்தயத்தில் இருந்தே வந்தது. 1894 ஏப்ரலில் விக்டோரியாவின் வார்ணம்பூல் பந்தயத்தில் பாண்ட் வாத்தியக்காரர்கள் வாசித்த ஒரு மெட்டை, பண்ணை உரிமையாளரின் சகோதரி கிறிஸ்டினா மக்பேர்சன் காதில் வாங்கி வந்திருந்தார். அதற்குப் பற்றர்சன் சொற்களைப் போட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ரோமம் கத்தரிக்கும் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் அந்தப் பண்ணையின் கொட்டகை எரிந்திருந்தது, ஒரு தொழிலாளி இறந்து கிடந்தார். முதலாளி வீட்டு விருந்தாளியாக இருந்துகொண்டே, துரத்தப்பட்ட ஏழையின் பக்கம் நின்று ஒரு பாடலை அவர் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த மண்ணின் பூர்வகுடிகள் அவருடைய எழுத்தில் பெரும்பாலும் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். அவர் பாடிய பண்ணைகள் எல்லாம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலங்கள் என்பதை நாம் மறந்துவிட முடியாது.

1899 இறுதியில் போர்ச் செய்தியாளராகத் தென்னாபிரிக்கா சென்றார். போவர்களின் துணிவை அவர் மதித்தார். போரைப் பற்றி அவர் கொண்டிருந்த உற்சாகம் அங்கே கரைந்தது. அந்தப் போரில் பிரித்தானியத் தரப்பு மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமான குதிரைகளை இழந்தது. பெரும்பாலானவை குண்டுபட்டுச் சாகவில்லை. பசியாலும் களைப்பாலும் நோயாலும் விழுந்தவை. (அதே போரில் பிடிபட்ட போவர்களில் ஏறத்தாழ 5,000 பேர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுத் தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டார்கள் என்பது எமது நாட்டின் வரலாற்றிலும் ஒரு பக்கம்.)

நாடு திரும்பிப் பத்திரிகை ஆசிரியரானார். 1903 இல் திருமணம். 1908 இல் நகரத்தை விட்டு, மரம்பிட்ஜி ஆற்றின் மேற்பகுதியில் 40,000 ஏக்கர் கொண்ட கூட்ரா வேல் பண்ணைக்குப் போனார். பண்ணைத் தொழிலில் அவர் பெரிதாக வெல்லவில்லை. ஆனால் பந்தயக் குதிரைகளைப் பற்றிய ஒரு விரிவான நூலை அங்கே எழுதினார்.

அந்தக் காலத்தில் ஒரு சிற்றூரில் பந்தயம் நடத்துவது இலேசான காரியமல்ல. முதலில் குழு அமையும். மதுச்சாலைக்காரர், கொல்லர், சேணம் தைப்பவர், வங்கி முகாமையாளர், இரண்டொரு பண்ணைக்காரர் என்று ஊரில் ஒருவரோடொருவர் பேசாதவர்களும் அதில் உட்காரவேண்டும். பரிசுப்பணத்துக்கு வீடுவீடாகச் சந்தா சேர்ப்பார்கள். பந்தய நாளில் மதுவும் உணவும் விற்கும் கொட்டில்களுக்கான உரிமையை ஏலம் விடுவார்கள். பல வாரங்களுக்கு முன்பே உள்ளூர்ப் பத்திரிகையில் நிகழ்ச்சிநிரல் வரும். குதிரைச் சொந்தக்காரர்கள் பெயர் கொடுப்பார்கள். திடலில் உள்ள மரக்குற்றிகளை அகற்றி, முயல் வளைகளை மூடி, தராசு ஒன்றை எங்கிருந்தாவது இரவல் வாங்கிவருவார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது எடை நிர்ணயம். வலிய குதிரைக்குக் கூடுதல் எடை, மெலிந்ததற்குக் குறைவு. ஈயத்தைச் சேணத்தோடு கட்டி எடையைச் சரிசெய்வார்கள். எல்லாக் குதிரைக்கும் வெல்ல வாய்ப்பிருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே எடை போடுபவர் ஊரிலேயே அதிகம் வசவு வாங்குபவராக இருந்தார். அவருடைய மச்சானின் குதிரைக்கு எடை குறைந்திருந்தால் கதை முடிந்தது! சிலர் தம் குதிரையை முதல் இரண்டு பந்தயங்களில் வேண்டுமென்றே பின்தங்கவைத்து எடையைக் குறைத்துக்கொள்வார்கள். வேறு சிலர், தொலைவிலிருந்து ஒரு வேகமான குதிரையைக் கொண்டுவந்து பொய்ப் பெயரில் ஓடவிடுவார்கள். சாயம் பூசி நெற்றிச்சுட்டியை மறைத்த கதைகளும் உண்டு.

இதற்கு மாற்றாகச் சில கழகங்கள் அழகான ஒரு வழி கண்டன. பந்தயத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே எல்லாக் குதிரைகளையும் ஒரே மேய்ச்சல் நிலத்தில் விட்டுவிடுவார்கள். செல்வந்தரின் குதிரைக்கும் ஏழையின் குதிரைக்கும் ஒரே புல்தான். தானியம் கொடுத்துத் தேற்றிய குதிரை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

1906 இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு, பந்தயத் திடலுக்கு வெளியே பணம் கட்டுவதைச் சட்டத்தால் தடைசெய்தது. பந்தயத்தால் சீரழிந்த குடும்பங்கள் ஏராளம் என்பதைப் பற்றர்சனும் அறிந்தவர். ஏமாற்றுக்காரர்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் கோபத்தைவிடச் சிரிப்பே அதிகம். அது அவருடைய பலமா பலவீனமா என்பதை வாசிப்பவர்தான் சொல்லவேண்டும். என்னைக் கேட்டால், தோற்றவர்களின் வீட்டுக் கதையையும் அவர் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

பிறகு 1914 வந்தது. ஐம்பது வயதான பற்றர்சன் பிரான்ஸில் நோயாளர் காவு வண்டி ஓட்டினார். குதிரைகளை ஏற்றிய கப்பல்களில் கால்நடை மருத்துவப் பொறுப்பில் பயணம் செய்தார். 1915 ஒக்டோபரில் இராணுவத்தின் குதிரைப் படைத்துணைப் பிரிவில் அதிகாரியாகி எகிப்துக்குப் போனார். கப்பலில் இருந்து மெலிந்து இறங்கும் குதிரைகளைத் தேற்றி, முரட்டுக் குதிரைகளைப் பழக்கி, போர்முனைக்கு அனுப்புவதே அந்தப் பிரிவின் வேலை. அவருக்குக் கீழே இருந்தவர்கள் மாடு மேய்த்தவர்கள், ஜொக்கிகள், குதிரை பழக்குபவர்கள். பலர் போர்முனைக்கு வயது கடந்தவர்கள். சுருங்கச் சொன்னால், ஒரு நாட்டுப்புறப் பந்தயத்துக்கு வரும் கூட்டம் அப்படியே சீருடை போட்டு வந்திருந்தது. 1916 ஒக்டோபர் முதல் 1919 வரை அவரே அந்தப் பிரிவின் தளபதி. மேஜர் தரத்துக்கு உயர்ந்தார்.

அந்தக் குதிரைகள் போய்ச்சேர்ந்த படையினர் 1917 மார்ச் 21 அன்று ஒரு பந்தயம் நடத்தினார்கள். இடம் ராபா. இன்று காஸாச் செய்திகளில் நாம் கேட்கும் அதே ராபா. அதைப் பற்றர்சன் ஒழுங்கு செய்யவில்லை. ஆனால் ஊரில் எப்படி நடக்குமோ அப்படியே குழு, நடுவர்கள், அச்சிட்ட நிகழ்ச்சிநிரல் எல்லாம் இருந்தன. ஒரு பந்தயத்துக்கு ‘சினாய் கிராண்ட் நஷனல்’ என்று பெயர். கோவேறு கழுதைகளுக்கும் ஓர் ஓட்டம் வைத்தார்கள். ஐந்து நாட்கள் கழித்து, மார்ச் 26 அன்று, முதலாவது காஸாச் சமர் தொடங்கியது. அன்று கைதட்டியவர்களில் எத்தனையோ பேர் அதற்குப் பின்னர் ஊர் திரும்பவில்லை.

போர் முடிந்தபோது வேறொரு கேள்வி எழுந்தது. அந்தப் போருக்காக அவுஸ்திரேலியாவில் இருந்து கடல் கடந்து போன குதிரைகள் 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. கப்பற்செலவும் நோய்த்தடைச் சட்டங்களும் காரணமாகச் சொல்லப்பட்டன. வயதானவையும் நோயுற்றவையும் சுட்டுக் கொல்லப்பட்டன. ஏனையவை பிரித்தானிய, இந்தியப் படைகளிடம் கொடுக்கப்பட்டன அல்லது விற்கப்பட்டன. நாடு திரும்பியது ஒன்றே ஒன்று. கலிப்போலியில் காயமடைந்து இறந்த ஜெனரல் பிரிட்ஜஸின் ‘சாண்டி’. கட்டையில் நின்ற மாட்டை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆயிரக்கணக்கான குதிரைகளை ஒவ்வொன்றாகக் கையால் தடவி அனுப்பிவைத்த மனிதர் 1919 நடுப்பகுதியில் வெறுங்கையோடு சிட்னிக்குத் திரும்பினார். மீண்டும் பேனாவை எடுத்தார். 1920களில் ‘சிட்னி ஸ்போர்ட்ஸ்மன்’ என்ற பந்தயப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். போர் அனுபவங்களை 1934 இல் நூலாக்கினார். 1936 இல் பந்தயத்தை மையமாக வைத்து ஒரு நாவல் எழுதினார். 1941 பெப்ரவரி 5 அன்று, அடுத்த உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, சிட்னியில் காலமானார். கூட்ரா வேலில் எழுதிய பந்தயக் குதிரை நூல் அவருடைய காலத்தில் அச்சாகவில்லை. 1983 இல்தான், அவருடைய முழு எழுத்துகளின் தொகுப்பில், அது வெளிவந்தது.