சுவார்ட்ஸ் ஐயரும் சரபோஜி ராஜாவும்

வளையமாதேவித் தெருக்களிலும் நெய்வேலி டவுன்ஷிப் பிளாக்குகளிலும் கைப்பிரதி கொடுக்கப் போகிற நம்ம வாலிபப் பிள்ளைகளுக்காக இந்த மாதம் ஒரு பழைய ஊழியக்காரருடைய ஜீவியத்தை எழுதுகிறேன்.

பேர் கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்ஸ். 1726ல் பிரஷ்யா தேசத்தில் பிறந்தவர், 1750ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். லுத்தரன் மிஷன்காரர், நம்ம சபைகள் எல்லாம் அப்போ ஏது? கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தமிழ், மராத்தி, பாரசீகம் கற்று, திருச்சியிலும் பிறகு தஞ்சாவூரிலும் ஊழியம் செய்தார்.

அவர் வார்த்தைக்கு இருந்த மதிப்பைப் பாருங்க. 1779ல் சமாதானம் பேச கம்பெனியார் அவரை ஐதர் அலியிடம் சீரங்கப்பட்டணம் அனுப்பினார்கள். வழிச்செலவுக்கு ஐதர் கொடுத்த 300 ரூபாயை ஐயர் தனக்கென்று வைக்கவில்லை. தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுவிட்டார். அடுத்து யுத்தம், பஞ்சம். கோட்டைக்குள்ளே ஜனம் பட்டினி. வெளியே குடியானவர்களிடம் நெல் இருந்தது. ஆனா முன்னே காசு வாங்காமல் ஏமாந்தவர்கள், ராஜா கேட்டும் அசையவில்லை. பணத்துக்குத் தான் ஜாமீன் என்று ஐயர் சொல்லி அனுப்பினார். ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. ஆளாளுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

1787ல் துளஜா ராஜா மரிக்கும்போது, தான் தத்தெடுத்த பத்து வயசுப் பையன் சரபோஜியை ஐயரை நம்பித்தான் விட்டுப்போனார். சித்தப்பா அமர்சிங் சிங்காசனத்தில் உட்கார்ந்தான். பையனைப் படிப்பில்லாமல் இருட்டறையில் அடைத்து வைத்தார்கள். ஐயர் கம்பெனிக்கு எழுதி எழுதிப் போராடி, 1793ல் அவனைச் சென்னைக்கு அனுப்பி, கெரிக்கே ஐயரிடம் படிக்க வைத்தார்.

யோசித்துப் பாருங்க. ஒரு ராஜகுமாரன், அவனுக்கு வேறே நாதியில்லை, உயிரும் ராஜ்யமும் ஐயர் தயவில். ஞானஸ்நானம் எடுத்தால்தான் உதவி என்று ஒரு வார்த்தை போதும்! ஐயர் தன் விசுவாசத்தை ஒளித்தவர் இல்லை. துளஜா ராஜாவிடமே கிறிஸ்துவைப் பேசினவர். பாளையங்கோட்டை குளோரிந்தா அம்மாள் 1778ல் அவர் கையால்தான் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் செய்த உதவிக்கு இந்தப் பையனிடம் விலை கேட்கவில்லை.

1798 பிப்ரவரி 13ல் ஐயர் தேவனிடத்தில் போனார். அதே வருஷம் சில மாதம் கழித்துத்தான் சரபோஜிக்குப் பட்டம். அவர் கடைசிவரை இந்துவாகவே இருந்தார். 1803ல் பெரிய கோயில் சுவரில் தன் வம்ச சரித்திரத்தை வெட்டி வைத்தவரும் அவரே. நம்ம ஊழிய அறிக்கையாக இருந்தால் இந்த இடத்தில் பூஜ்யம் போடுவோம். சந்தர்ப்பத்தை விட்டுட்டார் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தஞ்சாவூர் போனால் சிவகங்கைத் தோட்டத்தில் ஐயர் 1779ல் கட்டின ஆலயத்துக்குள் போய்ப் பாருங்கள். சரபோஜி ராஜா தன் செலவில், பிளாக்ஸ்மன் என்ற இங்கிலாந்து சிற்பியிடம் செய்து வாங்கிய சலவைக்கல் அங்கே இருக்கிறது. மரணப்படுக்கையில் ஐயர், அவர் கையைப் பிடித்தபடி ராஜா.