மண்ணுக்குள் புதைந்த குடும்பக் கதைகள்

இரண்டு பால் கேன்கள். அவற்றில் பால் இல்லை, பணமும் இல்லை. கட்டுக் கட்டாகக் காகிதங்கள்தான் இருந்தன!

அந்தக் காகிதங்களுக்காகத் தம் உயிரைப் பணயம் வைத்தவர், எம்மானுவேல் ரிங்கல்புளூம்.

இவர் 1900-ம் ஆண்டில் புச்சாச் என்ற ஊரில் பிறந்தார். அது இன்று உக்ரைனில் இருக்கிறது. போலந்தின் தலைநகரான வார்சாவில் படித்தார். அந்நகர யூதர்களின் பழைய வரலாற்றை ஆராய்ந்து, 1927-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பள்ளிக்கூட ஆசிரியராக வேலை பார்த்தார்.

1939 ஆகஸ்டில் ஒரு மாநாட்டுக்காக ஜெனீவா சென்றிருந்தார். யுத்த மேகம் சூழ்ந்திருந்த நேரம். அங்கேயே தங்கியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால், ஊர் திரும்பினார்!

ரகசியச் சங்கம்

1940 நவம்பரில் வார்சா யூதர்களை நாஜிகள் மதில் சுவருக்குள் அடைத்தார்கள். அங்கே 4 லட்சத்துக்கும் அதிகமானோர் பசியாலும் நோயாலும் வாடினர்.

ரிங்கல்புளூம் சும்மா இருக்கவில்லை. ஒரு ரகசியச் சங்கத்தை அமைத்தார். யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமையில் அது கூடியது. ஆசிரியர்கள், எழுத்தாளர்கள் என்று சுமார் 60 பேர் அதில் உழைத்தனர்.

வெளியூர்களிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்களை விசாரித்து, அவர்கள் கதையை எழுதினார்கள். நாட்குறிப்புகள், கடிதங்கள், ரேஷன் கார்டுகள், டிராம் டிக்கெட்டுகள், மிட்டாய்க் காகிதங்கள்கூடச் சேர்ந்தன. கொலைகாரர்கள் எழுதுவதே வரலாறு ஆகிவிடக்கூடாது என்பது அவர் எண்ணம்.

ஒரு தந்தையின் ஆசை

1942 ஜூலையில் மக்களை ரயிலில் ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டே மாதங்களில் 2½ லட்சத்துக்கும் அதிகமானோர் டிரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

காகிதங்களை 10 தகரப் பெட்டிகளில் அடைத்து, பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்றின் அடியில் புதைத்தார், இஸ்ரேல் லிக்டன்ஸ்டைன் என்ற ஆசிரியர். அவற்றோடு தம் உயிலையும் வைத்தார். தம்மைப் புகழ வேண்டாம். ஓவியரான தம் மனைவியையும், 20 மாதக் குழந்தை மார்கலித்தையும் யாராவது நினைக்க வேண்டும் என்பது அதன் சாரம். மூவருமே உயிர் தப்பவில்லை.

1943-ல் மேலும் இரண்டு பால் கேன்கள் மண்ணுக்குள் போயின.

பாதாள அறை

ரிங்கல்புளூமும் ஒருமுறை முகாமுக்குக் கொண்டு போகப்பட்டார். நண்பர்கள் ரகசியமாக மீட்டு வந்தார்கள். மனைவியோடும் மகன் ஊரியோடும், ஒரு தோட்டத்தின் அடியில் இருந்த பாதாள அறையில் பதுங்கினார். அங்கேயும் எழுதிக்கொண்டே இருந்தார்.

1944 மார்ச் 7-ந் தேதி மறைவிடம் பிடிபட்டது. சில நாட்களில் மூவரும் கொல்லப்பட்டனர். அடைக்கலம் தந்த போலந்துத் தோட்டக்காரரையும் நாஜிகள் விடவில்லை.

கிடைத்தது புதையல்

சங்கத்தாரில் மூன்றே பேர் தப்பினார்கள். அவர்களில் ஒருவர் அடையாளம் சொல்ல, 1946 செப்டம்பரில் இடிபாடுகளைத் தோண்டினார்கள். பெட்டிகள் கிடைத்தன. 1950 டிசம்பரில் பால் கேன்களும் கிடைத்தன. மூன்றாவதாகப் புதைத்தது இன்றுவரை அகப்படவில்லை.

மொத்தம் சுமார் 35 ஆயிரம் பக்கங்கள்! வார்சாவிலுள்ள யூத வரலாற்று நிலையம் அவற்றைப் பாதுகாத்து வருகிறது. 1999-ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

பாட்டன் எந்தத் தெருவில் இருந்தார், எப்படி மாண்டார் என்று தேடுகிற பேரப்பிள்ளைகளுக்குக் கல்லறை இல்லை. காகிதம் இருக்கிறது. குழந்தை மார்கலித்தின் பெயரும் அதில் இருக்கிறது.