காக்டெயில் இல்லை, துப்பாக்கி: தோட்டா மாறியும் பெயர் மாறாத ‘மார்டினி’ யார்?

மார்டினி என்றதும் நமக்கு ஜேம்ஸ் பாண்ட் கையில் இருக்கும் கிளாஸ்தான் ஞாபகம் வரும். 19-ம் நூற்றாண்டின் ராணுவ முகாம்களில் அந்தப் பெயரைச் சொன்னால், ஒரு தடவைக்கு ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடும் ரைஃபிளைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஃபிரெடரிக் வான் மார்டினி. 1833-ல் அன்றைய ஹங்கேரியில், இன்று ருமேனியாவில் இருக்கும் ஹெர்குலஸ்பாத் ஊரில் பிறந்தவர். இன்ஜினீயர். சுவிட்சர்லாந்தில் குடியேறி, ஃபிராவன்ஃபெல்ட் என்ற சின்ன ஊரில் மெஷின் தொழிற்சாலை ஆரம்பித்தார். துப்பாக்கி அவருடைய பல வேலைகளில் ஒன்றுதான்.

அதுவும் முழுக்க அவர் யோசனை கிடையாது. பாஸ்டனைச் சேர்ந்த ஹென்றி பீபாடி 1862-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருந்தார். லிவரைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கும் கட்டை ஒன்று சாய்ந்து, குழலின் பின்வாய் திறக்கும். தோட்டாவை வைத்து லிவரை மேலே இழுத்தால் மூடிக்கொள்ளும். ஆனால் சுடுவதற்கு முன் வெளியே இருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் தனியாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். 1867-ல் சுவிஸ் ராணுவம் இந்த பீபாடி ரைஃபிள்களில் 15,000 வாங்கியது.

மார்டினி அந்தச் சுத்தியலைத் தூக்கிவிட்டார். ஸ்பிரிங்கையும் ஊசியையும் கட்டைக்குள்ளேயே வைத்தார். லிவரை ஒருமுறை அசைத்தால் போதும். திறப்பது, காலித் தோட்டாவை வெளியே தள்ளுவது, அடுத்த சுடுதலுக்குத் தயாராவது எல்லாம் முடிந்துவிடும். சின்ன மாற்றம்தான். ஆனா போர்க்களத்தில் அந்த ஒரு நொடி பெரிய விஷயம்.

1871-ல் பிரிட்டன் இதை ஏற்றுக்கொண்டது. குழல் மட்டும் எடின்பரோ துப்பாக்கித் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் ஹென்றியுடையது. அதனால்தான் ‘மார்டினி-ஹென்றி’. பெயரின் முதல் பாதி பெட்டி, இரண்டாம் பாதி குழலுக்குள் சுருளாக ஓடும் பள்ளம். பீபாடி பெயர் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

காலிபரை ஏன் மாற்றினார்கள்?

முதல் மார்டினி-ஹென்றியின் காலிபர் .450, அதாவது குழலின் உள்விட்டம் சுமார் 11.4 மி.மீ. சுமார் 31 கிராம் ஈயக் குண்டு, கரும்புகை மருந்து. 1879-ல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்டில் சுமார் 150 பேர் இரவு முழுக்க ஜூலுப் படையைத் தாக்குப்பிடித்தது இதை வைத்துத்தான்.

சில வருடங்களில் சின்னக் குண்டு, அதிக வேகம் என்று உலகமே திரும்பியது. 1880-களில் பிரிட்டன் .402 காலிபரில் புது மார்டினிகளைச் செய்தது. செய்து முடிப்பதற்குள் அடுத்த தோட்டா .303 என்று முடிவாகிவிட்டது. ஒரே ராணுவத்தில் மூன்று வகைத் தோட்டாவா? சப்ளையைக் கவனிப்பவர்களுக்குத் தலைவலி. எனவே அந்த .402 துப்பாக்கிகளைப் பழைய .450-க்கே திருப்பி மாற்றினார்கள். அரசாங்க வேலை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்போல!

பிறகு .303 வந்தது. 7.7 மி.மீ. கையிருப்பில் குவிந்துகிடந்த மார்டினிகளைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு பழைய குழலைக் கழற்றிப் புதுக் குழலைப் பொருத்தினார்கள். புதுத் தோட்டாவின் அடிப்பாகம் ஒல்லி. எனவே காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கியும் மாறியது. மெட்ஃபோர்ட் வகைக் குழல் போட்டால் மார்டினி-மெட்ஃபோர்ட். கார்டைட் மருந்தின் சூட்டில் மெட்ஃபோர்டின் ஆழமில்லாத பள்ளங்கள் சீக்கிரம் தேய்ந்ததால், 1895 வாக்கில் என்ஃபீல்ட் குழல் வந்தது, பெயர் மார்டினி-என்ஃபீல்ட். இரண்டாம் பாதி மாறிக்கொண்டே போக, முதல் பாதி அப்படியே நின்றது.

பழையது யாருக்கு?

இங்கேதான் கதை நம் பக்கம் வருகிறது. 1888 முதல் பிரிட்டிஷ் சோல்ஜர் கையில் எட்டு தோட்டா மேகஸின் கொண்ட லீ-மெட்ஃபோர்ட். மாற்றிய .303 மார்டினிகள் காலனிகளின் படைகளுக்குப் போயின. இந்தியச் சிப்பாய்க்கு? மாற்றாத, பழைய .450. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, இந்தியப் படைகளுக்கு ஒரு தலைமுறை பின்தங்கிய ஆயுதம் என்பதே பிரிட்டனின் வழக்கம். மிச்சம் பிடிப்பது ஒரு காரணம், பயம் இன்னொரு காரணம்.

‘கேசரி’ படம் பார்த்தவர்களுக்கு சாராகடி தெரியும். 1897 செப்டம்பர் 12 அன்று, இன்றைய பாகிஸ்தானின் மலைப்பகுதியில், 36-வது சீக்கியப் படைப்பிரிவின் 21 வீரர்கள் ஆயிரக்கணக்கானவர்களை எதிர்த்து நின்று, ஒருவர்கூட மிஞ்சாமல் இறந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது மார்டினி-ஹென்றி. ஒவ்வொரு முறையும் ஒரே தோட்டா.

மார்டினி அதே ஆண்டு ஜனவரியிலேயே ஃபிராவன்ஃபெல்டில் இறந்துவிட்டார். அவருடைய பெட்டிக்கு மட்டும் ஓய்வில்லை. ஒட்டோமான் துருக்கிக்காக அமெரிக்காவில் செய்யப்பட்ட துப்பாக்கிகளை 1911 வாக்கில் துருக்கியர்கள் 7.65 மி.மீ. மவுசர் தோட்டாவுக்கு மாற்றினார்கள். அவற்றின் பெயர் பீபாடி-மார்டினி. அங்கேயாவது பீபாடிக்கு முதல் இடம் கிடைத்தது.

ஃபிராவன்ஃபெல்ட் தொழிற்சாலையின் பெயர் பின்னாளில் கார்களிலும் புத்தக பைண்டிங் மெஷின்களிலும் வந்தது. கார் நிறுவனம் 1934-ல் மூடப்பட்டது. பைண்டிங் பக்கம் இன்னும் ஓடுகிறது: உலகம் முழுக்க அச்சகங்களில் இருக்கும் ‘முல்லர் மார்டினி’ மெஷின்களில் இரண்டாவது பெயர் இவருடையதுதான்.