பட்டாணிப் பாத்தியில் ஒரு துறவி

சுண்டலுக்கு ஊறப்போடுமுன் காய்ந்த பட்டாணியில் கல் பொறுக்குவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. எது மஞ்சள், எது பச்சை, எது உருண்டை, எது சுருங்கியது என்று பல ஆண்டுகள் உட்கார்ந்து எண்ணிய ஒருவர் இருந்தார். அவர்தாம் அருட்தந்தை கிரகோர் மெண்டல்.

இன்றைய செக் நாட்டில், அன்று ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஹைன்சென்டார்ஃப் என்னும் சிற்றூரில் 1822ஆம் ஆண்டு ஓர் உழவர் வீட்டில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோஹான். 1838இல் மரம் விழுந்து தந்தை படுகாயமுற்றார். பையனின் படிப்புக்குப் பணமில்லை. அரைப்பட்டினியில் நோயும் வந்தது. அப்போது தங்கை தெரேசியா, தன் சீதனப் பங்கில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்கு விட்டுக்கொடுத்தாள். பாடநூல்களில் இவள் பெயரைக் காண்பது அரிது. நம் பள்ளி மலரிலாவது இருக்கட்டும், தோழியரே!

1843இல் புருன் நகரில் அகுஸ்தினார் சபையின் புனித தோமையார் மடத்தில் சேர்ந்து கிரகோர் என்னும் பெயர் பெற்றார். 1847இல் குருப்பட்டம். ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850இல் தோற்றார். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் பயின்று வந்து, 1856இல் மீண்டும் எழுதச் சென்றும் தேறவில்லை. தற்காலிக ஆசிரியராகவே பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்தார்.

மடத்துத் தோட்டத்தில் அவருக்குக் கிடைத்த இடம் ஏறத்தாழ 35 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். அதில் உடனே ஆராய்ச்சியைத் தொடங்கிவிடவில்லை. விதை வணிகர்களிடமிருந்து 34 வகைப் பட்டாணிகளை வாங்கி, இரண்டு ஆண்டுகள் வெறுமனே விதைத்துப் பார்த்தார். தாய்ச்செடியின் குணம் மாறாமல் வருகிறதா என்பதே கேள்வி. ஒரு வகையில் மட்டும் சில செடிகள் வேறாக நின்றன. வணிகர் விதையில் பிற விதை கலந்திருந்தது என்று மறு ஆண்டு விளைச்சலில் தெரிந்துகொண்டார். இறுதியில் 22 வகைகளைத் தேர்ந்து, ஆராய்ச்சி முடியும்வரை ஆண்டுதோறும் விதைத்து வந்தார். என்னைக் கேட்டால், பின்னால் வந்த புகழுக்கெல்லாம் வேர் பொறுமையான இந்த இரண்டு ஆண்டுகளே.

பட்டாணி குளிர்ச்சியை விரும்பும் பயிர். வெயில் ஏறினால் காய் பிடிப்பது குறைந்துவிடும். ஆகவே அந்நாட்டில் பனி உருகி மண் பதமானதும் விதைத்துவிடுவார்கள். உருண்டை விதை வகைகள் குளிர்ந்த ஈரமண்ணைத் தாங்குமாதலால் முந்தியும், சுருங்கிய விதை வகைகளைச் சற்றுப் பிந்தியும் விதைப்பது ஐரோப்பியத் தோட்டக்காரர் வழக்கம். சுருங்கியவற்றில்தான் இனிப்பு அதிகம். அவற்றில் சர்க்கரையை மாவுப்பொருளாக்கும் நொதி ஒன்று பழுதுபட்டிருப்பதே காரணம் என்று 1990இல் கண்டறிந்தார்கள்.

பூக்கும் காலத்தை ஒப்பிட வேண்டுமானால், தேர்ந்தெடுக்கும் வகைகள் பூப்பதில் குறைந்தது 20 நாள் இடைவெளி இருக்க வேண்டும் என்றார் மெண்டல். எல்லாம் ஒன்றாக முளைக்கும்படி விதைகளை ஒரே ஆழத்தில் ஊன்ற வேண்டும் என்றும் சொன்னார். செடிகளைக் குச்சியும் கயிறும் கட்டி நிறுத்தினார். மொட்டு விரியுமுன் இடுக்கியால் மகரந்தப்பைகளை நீக்கி, வேறு வகையின் மகரந்தத்தைத் தூவினார். உருண்டையையும் சுருங்கியதையும் சேர்த்தபோது முதல் தலைமுறை முழுவதும் உருண்டை! அடுத்த தலைமுறையில் 7,324 விதைகளை எண்ணினார். 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்திருந்த குணம் அழியவில்லை.

1865இல் புருன் இயற்கை அறிவியல் கழகத்தில் இதை இருமுறை உரையாக வழங்கினார். மறு ஆண்டு அச்சாயிற்று. அதன் பெருமையை எவரும் உணரவில்லை. 1868இல் மடாதிபதியானார். அதன்பின் மடத்தின்மீது அரசு விதித்த வரியை எதிர்த்துப் போராடுவதிலேயே ஆண்டுகள் கழிந்தன. 1884 ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று இறைவனடி சேர்ந்தார். 1900ஆம் ஆண்டில்தான் வேறு விஞ்ஞானிகள் அதே முடிவுகளுக்கு வந்து, பழைய ஏடுகளைப் புரட்டி அவர் பெயரைக் கண்டார்கள்.

தங்கையின் சீதனத்தை அவர் மறக்கவில்லை. தெரேசியாவின் மூன்று புதல்வர்களின் படிப்புக்கும் உதவினார். அவர்களில் இருவர் மருத்துவரானார்கள்.