நீதிபதி ஆசனம் மறுக்கப்பட்ட அமைச்சர்

1928இல் கெய்ரோவில் பிறந்தவர் ஆயிஷா ராத்திப். 1949இல் சட்டப் பட்டம் பெற்றதும், எகிப்தின் நிர்வாக நீதிமன்றமான அரசு கவுன்சிலில் நீதித்துறைப் பணிக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். வழக்குத் தொடுத்தார். ஷரீஅத்திலோ சட்டத்திலோ தடையில்லை, சமூகச் சூழல்தான் இடம் தரவில்லை என்று கூறி, கவுன்சிலின் தலைவர் சன்ஹூரி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

ஆயிஷா சோர்ந்துவிடவில்லை. கெய்ரோ பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டப் பேராசிரியரானார். அதிபர் அன்வர் சாதாத்தின் ஆட்சியில் சமூக நலத்துறை அமைச்சரானார். 1977இல் உணவுப் பொருள்களுக்கான மானியத்தில் அரசு கைவைத்தபோது, ஏழைகளின் வயிற்றில் அடிக்க உடன்படாமல் பதவி விலகினார். பின்னர் எகிப்தின் முதல் பெண் தூதராக டென்மார்க் சென்றார்.

2013இல் வஃபாத்தானார். அதே அரசு கவுன்சிலில் 2021இல் 98 பெண்கள் நீதிபதிகளாகப் பதவியேற்றனர். மார்க்கம் தடுக்காததை வழக்கம் 72 ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தது.