ஃபீல்டு மார்ஷலுக்கே பாக்கி

கிளென்மார்கனுக்கு ஐ.வி. போற மக்களே, பைக்காரா தண்ணி எப்படி சிங்காரா பவர் ஹவுஸுக்கு இறங்குதுன்னு பார்த்ததும் நேரா பஸ் ஏறி ஊருக்குக் கிளம்பிடாதீங்க. திரும்பும் வழியில் ஊட்டியில் பார்சிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1971 போரில் நம் ராணுவத் தளபதியாக இருந்த சாம் மானெக்‌ஷா, மனைவி சில்லூவின் பக்கத்தில் அங்கேதான் உறங்குகிறார்.

பிறந்தது 1914 ஏப்ரல் 3, அமிர்தசரஸில். அப்பா டாக்டர். பைக்காரா மின் நிலையம் ஓட ஆரம்பித்த அதே 1932-ல் டேராடூனில் ராணுவ அகாடமி தொடங்கியது. அதன் முதல் பேட்ச்சில் சாமும் ஒருத்தர். (நம்ம டிபார்ட்மெண்ட் முதல் பேட்ச் சீனியர்ஸ் மாதிரி, கெத்துக்குக் கேட்கணுமா?)

1942 பிப்ரவரி, பர்மாவின் சிட்டாங் பாலம். ஜப்பானியரின் மெஷின்கன் குண்டுகள் அவர் வயிற்றைத் துளைத்தன. பிழைக்க மாட்டார் என்று நினைத்த டிவிஷன் தளபதி, தன்னுடைய மிலிட்டரி கிராஸ் பதக்கத்தையே கழற்றி அவருக்குக் குத்திவிட்டார். ஆனா ஆளைத் தூக்கிக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட சேர்த்தது ஷேர் சிங் என்ற சிப்பாய். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1969-ல் தளபதி ஆனதும், 13 நாள் போரில் வங்கதேசம் பிறந்ததும் உங்களுக்குத் தெரிஞ்ச கதை. 1973 ஜனவரியில் நாட்டின் முதல் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அதே மாதம் பணியிலிருந்து விடைபெற்றுக் குன்னூரில் குடியேறினார். முன்பு வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குத் தலைவராக இருந்ததால் நீலகிரி அவருக்குப் புது இடமில்லை.

விதிப்படி ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது. சாகும்வரை முழுச் சம்பளம் உண்டு. ஆனால் அவருக்கு வந்தது வெறும் பென்ஷன், அதுவும் முப்பது வருஷத்துக்கு மேல! குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வெலிங்டனில் அவரை நேரில் பார்த்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. ஒரு கோடிக்கும் மேலான பாக்கிக்குச் செக் வந்தது 2007-ல். அப்போ அவருக்கு வயது 93. அடுத்த வருஷம் ஜூன் 27-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார்.

அவருக்காவது நலம் விசாரிக்கக் குடியரசுத் தலைவரே வந்தார். ஷேர் சிங் மாதிரி ஆட்களுக்கு?

ஒரு ஜவான் பென்ஷன் வாங்கப் பொதுவாக 15 வருஷ சர்வீஸ் வேணும். அதற்கு முன்னாடியே வெளியே வந்தவருக்கு மாசா மாசம் எதுவும் வராது. அப்படிப்பட்டவங்க 65 வயசைத் தாண்டி வருமானமில்லாமல் நின்றால், ஹவில்தார் பதவி வரை உள்ளவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் வறுமை உதவித்தொகை உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது 2025 நவம்பரில் 8,000 ஆனது. பணம் கொடி நாள் நிதியிலிருந்து வருகிறது. 1949 முதல் டிசம்பர் 7-ல் உண்டியல் குலுக்கி, சட்டையில் குட்டிக் கொடி குத்திவிடுறாங்களே, அதேதான்.

ஆனா இது தானா வீடு தேடி வராது. டிஸ்சார்ஜ் புக்கை ஸ்கேன் பண்ணி ஆன்லைனில் ஏற்றணும். அதன்பிறகு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சரிபார்க்கணும். எழுபது வயசுத் தாத்தாவோ, தனியா இருக்கிற பாட்டியோ இதை எப்படிச் செய்வாங்க? உங்க தெருவில் பழைய மிலிட்டரிக்காரர் வீடு இருந்தா லீவுல போய்க் கேளுங்க. டிஸ்சார்ஜ் புக் பெரும்பாலும் டிரங்குப் பெட்டியின் அடியில்தான் இருக்கும்.